மோப்ப நாயும் துப்பறிவாளரும் ஒரு கிராமத்துக் கொலையும்: கதைக்குப் பின்னால் இருக்கும் சட்டமும் அறிவியலும்

ஒரு கிராமம், ஒரு கொலை, வெளியூரிலிருந்து வரும் தனியார் துப்பறிவாளர், அவர் கூடவே ஒரு நாய். இந்த நான்கும் சேர்ந்த கதைச் சட்டகம் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோர் துப்பறியும் நாவல்களைத் தமிழில் பரப்பினர். அவற்றுட் பல ஆங்கிலக் கதைகளின் தழுவல்களாகவே இருந்தன. இன்று கொழும்பிலிருந்து இத்தகைய கதைகளை வாசிக்கவும் எழுதவும் விரும்புகிற ஒருவர், அந்தக் கொலையை இங்கிலாந்தின் ஒரு சிற்றூரிலிருந்து எடுத்து வட இலங்கையின் வலிகாமத்திலோ வன்னியிலோ வைக்க முற்பட்டால், பெயர்களை மாற்றுவது மட்டும் போதாது. சடலத்தை முதலில் யார் பார்க்கிறார், யாருக்கு அறிவிக்கிறார், துப்பறிவாளருக்கு என்ன உரிமை உண்டு, நாய் கண்டுபிடித்தது எந்த அளவுக்குச் சான்றாகும் என்பன எல்லாம் இந்த நாட்டின் சட்டத்தாலும் இந்த மண்ணின் வெப்பத்தாலும் மாறிவிடுகின்றன. இவற்றுள் எல்லாவற்றிலும் வலுவற்ற இணைப்பு, சந்தேகிப்பவரும் நாயின் கயிற்றைப் பிடித்திருப்பவரும் ஒரே ஆளாக இருப்பதுதான் என்பது என் கருத்து. அதை விளக்குவதற்கு முதலில் கிராமத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கிராமத்துக் கொலைக் கதையின் ஈர்ப்பு, சந்தேகத்துக்குரியவர்களின் வட்டம் சிறிது என்பதில் இருக்கிறது. எல்லாரும் எல்லாரையும் அறிவர். ஆனால் ஒருவர் மற்றவரைப் பற்றி அறிந்ததை வெளியில் சொல்ல மாட்டார். ஆங்கிலக் கதைகளில் இந்த வட்டத்தின் நடுவே பெரும்பாலும் ஒரு மரண சாசனம் கிடக்கும். வடக்கின் தமிழ்க் கிராமத்தில் அதன் இடத்தில் இருக்க வேண்டியது காணி உறுதி. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமைச் சட்டம் இன்றும் யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையை ஆள்கிறது. அதன் கீழ் ஒருவர் தமது காணிப் பங்கை விற்க எண்ணினால், அந்தக் காணியின் மற்றைய கூட்டுச் சொந்தக்காரருக்கும், உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த உரிமையை ஒழுங்குபடுத்தியது. அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால் உரிமையுள்ளவர் வழக்குத் தொடரலாம். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் தன் பங்கை யாருக்கோ விற்கிறார் என்று ஊரிலிருக்கும் தம்பி அறிகிற அந்த வாரம், ஒரு கதாசிரியருக்கு எந்த மரண சாசனத்தையும் விடக் கனமான பொருள். இதனோடு கிணற்றுப் பங்கு, வேலி எல்லை, ஒழுங்கையை மறித்த மதில், பல்லாண்டுகள் இழுபடும் பங்கு பிரிப்பு வழக்கு, சீதனமாக எழுதிக் கொடுத்ததாகச் சொல்லி எழுதாமல் விட்ட வளவு ஆகியனவும் சேர்கின்றன. கொலைக்கான காரணத்தை வெளியே தேடிப் போக வேண்டியதில்லை.

இங்கே தனியார் துப்பறிவாளர் ஒருவருக்கு உண்மையாகவே பயன்படும் ஒரு கருவி இருக்கிறது. அது கதைகளில் அரிதாகவே வருகிறது. மாவட்டக் காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி எவரும் ஒரு காணியின் பதிவேட்டைப் பார்வையிடலாம். யார் யாருக்கு எப்போது விற்றார், எந்த நொத்தாரிசு எழுதினார், ஈடு வைக்கப்பட்டதா, மீட்கப்பட்டதா என்பதெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். கொலை நடந்த மறுநாள் ஒழுங்கையில் மோப்பம் பிடிக்கிற நாயை விட, பதிவகத்தில் ஒரு காலைப் பொழுதைச் செலவிடுகிற மனிதர் கூடுதலாகக் கண்டுபிடிக்கக் கூடும்.

அடுத்தது முதல் சில மணித்தியாலங்கள். கிணற்றடியில் ஒருவர் இறந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய காலமாயின் விதானையாரிடம் ஓடியிருப்பார்கள்; இப்போது கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் செய்தி போகிறது. திடீர் மரணம், இயற்கைக்கு மாறான மரணம் பற்றித் தெரியவந்தால் அறிவிக்கும் கடமையை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் கிராம உத்தியோகத்தர் மீதும் வைத்திருக்கிறது. பின்னர் திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதிவானோ இடத்துக்கு வந்து சடலத்தைப் பார்வையிடுகிறார். சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனைக்கு உத்தரவிடப்படுகிறது. கொலைச் சந்தேகம் இருக்கும்போது சடலத்தைத் தகனம் செய்யாமல் அடக்கம் செய்யும்படி நீதிவான் பணிப்பதும் உண்டு. பின்னர் தோண்டியெடுத்து மீண்டும் பரிசோதிக்கும் தேவை வரலாம் என்பதே அதன் காரணம். சுடலையில் எரிப்பதையே வழக்கமாகக் கொண்ட ஒரு குடும்பத்துக்கு அந்த உத்தரவு எத்தகைய துயரம் என்பதையும், அது ஊருக்குள் எத்தகைய செய்தியைப் பரப்பும் என்பதையும் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொலிஸார் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னரே, இது தவறி விழுந்த மரணம் அன்று என்று ஊர் முழுவதும் விளங்கிக்கொள்ளும்.

ஆனால் அதற்கு முன்பே நிறைய அழிந்துவிடுகிறது. கிராமத்தில் ஒரு சடலம் கிடந்தால் ஊரே திரள்கிறது. யாரோ ஒருவர் வேட்டியால் மூடுகிறார். இன்னொருவர் வெயில் படாமல் திண்ணைக்குத் தூக்குகிறார். முகத்தில் படிந்த மண்ணைத் துடைக்கிறார்கள். தலைமாட்டில் விளக்கு ஏற்றுகிறார்கள். இவை எல்லாம் அன்பினாலும் மரியாதையினாலும் செய்யப்படுபவை. ஒரு பொருள் இன்னொன்றைத் தொடும்போது இரண்டிலும் ஏதோ ஒன்று மாறித் தங்கும் என்ற கொள்கையை முன்வைத்தவர், 1910இல் லியோன் நகரில் பொலிஸ் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவிய எட்மண்ட் லொக்கார்ட். அந்தக் கொள்கையின்படி பார்த்தால், அன்போடு தொட்ட ஒவ்வொரு கையும் கொலையாளி விட்டுச்சென்ற தடயத்தின் மேல் இன்னொரு தடயத்தை வைக்கிறது.

இறந்த நேரத்தைக் கணிப்பதும் கதைகள் காட்டுவதைப் போல எளிதன்று. மருத்துவர் உடலைத் தொட்டுப் பார்த்து, நேற்றிரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் என்று சொல்லும் காட்சி குளிர்நாட்டில் உருவானது. உடல் வெப்பம் சுற்றுப்புற வெப்பத்தை நோக்கிக் குறைந்து செல்வதே அந்தக் கணிப்பின் அடிப்படை. இரவிலும் 27, 28 பாகை செல்சியஸ் நிலவும் ஓர் ஊரில், 37 பாகையிலிருந்து உடல் இறங்குவதற்கு இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. நண்பகலில் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். விறைப்பு விரைவில் வந்து விரைவில் போகும். அழுகல் ஒரு நாளுக்குள்ளேயே தெரியத் தொடங்கும்.

இந்தக் கேள்வியை உலகமே கவனிக்கும் அளவுக்குக் கொண்டுசென்ற வழக்கு கொழும்பில்தான் நடந்தது. 1951 ஒக்டோபரில் பம்பலப்பிட்டியில் நடந்த கொலை தொடர்பாகப் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் மகாதேவா சதாசிவம் மீது வழக்குத் தொடரப்பட்டது. கொல்லப்பட்டவர் அவருடைய மனைவி. வீட்டுப் பணியாள் அரச தரப்புச் சாட்சியாக மாறினார். சதாசிவம் வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரத்துக்கு முன்னா பின்னா மரணம் நேர்ந்தது என்பதில் வழக்கின் பெரும்பகுதி தங்கியிருந்தது. எடின்பரோவிலிருந்து சட்ட மருத்துவ அறிஞர் சேர் சிட்னி ஸ்மித் எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) தரப்புக்காகச் சாட்சியளித்தார், கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். 1953இல் ஜூரிகள் சதாசிவத்தை விடுவித்தனர். அதன் பின்னர், 1955இல், கொழும்புப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம் தம் சகாக்கள் இருவருடன், மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதிகளின் உடல்கள் இங்குள்ள தட்பவெப்பத்தில் எந்த வேகத்தில் குளிர்கின்றன என்பதை அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்த மூவரில் ஒருவர் கதிர்காமத்தம்பி என்னும் தமிழர். மரண நேரம் திட்டவட்டமாகத் தெரிந்த உடல்களை வைத்துச் செய்யப்பட்டதால் அந்த ஆய்வு இன்றும் துறைசார்ந்தோரால் மேற்கோள் காட்டப்படுகிறது. இலங்கைக் கிராமத்துக் கொலைக்கு நேரம் குறிக்கப் போகிற கதாசிரியருக்கு லண்டன் அட்டவணை தேவையில்லை. நம் ஊரிலேயே அளந்து வைத்திருக்கிறார்கள்.

இனித் துப்பறிவாளர். இந்நாட்டில் அவர் ஒரு சாதாரணக் குடிமகன். யாரையும் வாக்குமூலம் தரும்படி வற்புறுத்தவும், வீட்டுக்குள் நுழைந்து தேடவும், தடயப் பொருளைக் கைப்பற்றிக்கொள்ளவும் அவருக்கு அதிகாரம் இல்லை. பொலிஸ் நாடா கட்டிய இடத்துக்குள் அவர் கால் வைத்தால் தடயத்தைக் குழப்பியவராவார். இவ்வளவு இல்லாமைகளுக்கு நடுவே, பொலிஸாருக்கு இல்லாத ஒன்று அவருக்கு உண்டு; இதைக் கதைகள் போதிய அளவு பயன்படுத்தியதில்லை. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் எதிரி அளித்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 26ஆம் பிரிவின்படி, பொலிஸ் காவலில் இருக்கும்போது அளித்த ஒப்புதலும் நீதிவானின் முன்னிலையில் அளிக்கப்பட்டாலன்றிச் செல்லாது. ஒப்புதலின் விளைவாக ஏதேனும் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் 27ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கத்தியைப் பனந்தோப்பில் புதைத்தேன் என்பது வரலாம். அதனால் குத்தினேன் என்பது வராது.

தனியார் துப்பறிவாளர் பொலிஸ் உத்தியோகத்தர் அல்லர். ஆகவே சுயவிருப்பத்தோடு, அச்சுறுத்தலோ ஆசைகாட்டலோ இன்றி அவரிடம் ஒருவர் சொன்ன ஒப்புதல், ஏனைய தனியாரிடம் சொன்ன ஒப்புதலைப் போலவே நீதிமன்றத்தின் முன் வைக்கப்படக் கூடியது. அதற்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். கிராமத்துக் கோயில் வீதியில், வாசிகசாலைப் படியில், தேநீர்க்கடை வாங்கில் கேட்கப்படும் பேச்சு இந்த வழியாகவே வழக்குக்குள் நுழைய முடியும். பொலிஸ் ஒப்புதல் மீதான இந்தத் தடையை நான் மிக மதிக்கிறேன். அந்தத் தடை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை இந்நாட்டுத் தமிழர் நன்கு அறிவர்: 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக ஏற்க வழிசெய்தது, அந்த ஒப்புதல்களை மட்டும் நம்பிச் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் நம் அயலிலேயே இருக்கின்றன. துப்பறிவாளர் சந்தேகநபரைக் கட்டிவைத்து அடித்து உண்மையை வரவழைக்கும் காட்சியை எழுதுமுன் ஒரு கதாசிரியர் இதை நினைக்க வேண்டும்.

இப்போது நாய்க்கு வருவோம். மனிதரின் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம். நாய்களில் சில இனங்களில் அவை 30 கோடி வரை இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. எண்ணிக்கையை விட முக்கியமானது செயற்படும் விதம். நாய் ஒரு வினாடிக்கு ஐந்து தடவை வரை முகர்கிறது; வெளிவிடும் மூச்சு மூக்குத் துளையின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் போவதால், முன்னாலிருக்கும் மணம் கலைந்து போகாமல் புதிய காற்று உள்ளே வருகிறது. நடந்து போன மனிதர் விட்டுச்செல்வது இரண்டு வகை மணம்: அவர் உடலிலிருந்து இடைவிடாமல் உதிரும் தோல் துணுக்குகளின் மணம் ஒன்று, அவர் மிதித்த புல்லும் கிளறிய மண்ணும் எழுப்பும் மணம் மற்றது. பழகிய நாய் சில அடிச்சுவடுகளை முகர்ந்தே எந்தத் திசையில் போனார் என்று பிரித்தறிகிறது. பொலிஸ் பணிக்கென நாய்களை ஒழுங்காகப் பயிற்றுவிக்கும் முறை 1899இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் தொடங்கியது. இலங்கைப் பொலிஸின் மோப்ப நாய்ப் பிரிவு கண்டி அஸ்கிரியவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.

இவ்வளவு ஆற்றலுக்கும் காலக்கெடு உண்டு. காலைப் பனியும் நிழலும் ஈரமும் மணத்தைத் தாங்கும். உச்சி வெயிலும் காய்ந்த செம்மண்ணும் அதை விரைவில் அழிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு பாட்டம் பலமாகப் பெய்தால் தடம் கழுவப்பட்டுவிடும். வெப்பத்தில் இளைக்கிற நாய் நாக்கைத் தொங்கவிட்டு வாயால் மூச்சு வாங்குகிறது. அப்போது அதனால் சரிவர முகர முடியாது. இவற்றோடு தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். குடும்பத்தார் பொலிஸ் விசாரணையில் நம்பிக்கை இழந்து, வெள்ளவத்தையிலிருக்கும் உறவினர் மூலம் ஒரு துப்பறிவாளரை அமர்த்தும்போது எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு கூட முடிந்திருக்கக் கூடும். அவர் கொண்டுவரும் நாய் அடிச்சுவட்டைத் தொடர்ந்து போக எந்த வாய்ப்பும் இல்லை. கிணற்றடியை அதற்குள் ஊரே மிதித்திருக்கும்.

ஆகவே இந்தக் கதையில் நாய் செய்யக் கூடிய வேலை தடம் தொடர்வது ஆகாது. மறைத்து வைத்ததைத் தேடுவதே ஆகும். இரத்தமும் அழுகும் திசுவும் விடும் மணம் மண்ணுக்கடியிலும் நெடுநாள் தங்கும்; அதற்கெனப் பயிற்றப்பட்ட நாய்கள் வாரங்கள் கடந்தும் கண்டுபிடிக்கின்றன. 1876இல் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டபோது, நாய் ஒன்று முடிதிருத்துநர் ஒருவரின் இடத்தில் புகைபோக்கியை நோக்கி முரண்டு பிடித்தது. உள்ளே எரிந்த எலும்புகள் இருந்தன. அங்கே சான்றானது எலும்புகள். நாய் செய்தது, மனிதர் பார்க்கத் தவறிய இடத்தைப் பார்க்க வைத்தது.

இந்த வேறுபாட்டை நீதிமன்றங்கள் நீண்ட காலமாக வலியுறுத்தி வருகின்றன. தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1920இலேயே மோப்ப நாயின் நடத்தையைச் சான்றாக ஏற்க மறுத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1969இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், இத்தகைய சான்றுக்கு எதிராக வழக்கமாகக் கூறப்படும் மூன்று ஆட்சேபங்களை எடுத்துரைத்தது: நாய் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து குறுக்கு விசாரணைக்கு உட்பட முடியாது என்பதால் அதன் சார்பில் பேசும் மனிதர் கேட்டறிந்ததையே சொல்கிறார், மனிதரின் உயிரும் சுதந்திரமும் ஒரு நாயின் அனுமானத்தில் தங்கியிருக்கக் கூடாது, அதன் உண்மையான மதிப்பை விட மிகப் பெரிய தாக்கத்தை அது ஜூரிகளின் மனதில் ஏற்படுத்திவிடும். இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் சற்று இளகி, குறிப்பிட்ட அந்த நாய் முறையாகப் பயிற்றப்பட்டது, நம்பத்தக்கது என்பது விரிவாக நிரூபிக்கப்பட்டால் ஏற்கலாம் என்றது. மூன்றாவது ஆட்சேபம் கதாசிரியரைப் பற்றியதும் ஆகும். ஊர் முழுவதும் பார்த்திருக்க, நாய் ஒருவர் வீட்டுப் படலையில் போய் நின்று குரைத்தால், அந்தக் குடும்பம் அந்த ஊரில் இனி எப்படி வாழும்? சான்றின் நிறை குறைவு. அதன் தண்டனை உடனடியானது.

நாய் பிழை விடும் என்பதைத் துப்பறியும் இலக்கியம் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. கொனன் டொயில் 1890இல் வெளியிட்ட ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், ‘டோபி’ என்ற நாய் கிரியோசோட் எண்ணெயில் கால் வைத்த குற்றவாளியின் தடத்தை லண்டன் முழுவதும் தொடர்ந்து சென்று, கடைசியில் மரக் கிட்டங்கி ஒன்றில் அதே எண்ணெய்ப் பீப்பாயின் முன்னால் போய் நிற்கிறது. நாயைக் குறை சொல்ல இடமில்லை. கேட்ட மணத்தை அது கண்டுபிடித்தது. இரண்டு தடங்கள் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில் அது பிழையானதைத் தேர்ந்தது. இந்தக் கவனம் பிற்காலத்து வெகுசனக் கதைகளில் மறைந்து, நாயின் மூக்கு பிழைக்காது என்ற நம்பிக்கை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆயினும் இன்னும் ஆழமான சிக்கல் மூக்கில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 18 நாய்-பயிற்றுநர் சோடிகளை ஒரு தேவாலயத்தில் தேடவிட்டனர். சில இடங்களில் வைக்கப்பட்டிருக்கும் வண்ணத் தாள், மறைத்து வைத்த பொருள் அங்கே இருப்பதைக் காட்டுகிறது என்று பயிற்றுநர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் எங்கும் எந்தப் பொருளும் இல்லை. நாய் அடையாளம் காட்டியதாக 200க்கும் மேற்பட்ட தடவைகள் பதிவாகின. பயிற்றுநர் எதிர்பார்த்த இடங்களில் அவை கூடுதலாக இருந்தன. நெதர்லாந்தில் சந்தேகநபரின் மணத்தைப் பலருடைய மணங்களுக்கு நடுவே வைத்து நாயைக் கொண்டு தெரியவைக்கும் சோதனை நெடுங்காலம் நடந்தது. சந்தேகநபரின் மணம் ஏற்றிய குழாய் எந்த இடத்தில் இருக்கிறது என்பது சில பயிற்றுநர்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது 2000களின் நடுப்பகுதியில் வெளிவந்தபோது, அந்தச் சோதனையை நம்பிய தீர்ப்புகள் கேள்விக்குள்ளாயின. அந்தப் பயிற்றுநர்கள் ஏமாற்ற எண்ணியிருக்க வேண்டிய அவசியமில்லை. எசமான் ஓரிடத்தில் அரைக்கணம் தாமதித்தால், மூச்சை மாற்றினால், கயிற்றைத் தளர்த்தினால், அது நாய்க்குப் போதும்.

பொலிஸ் அமைப்பில் இதற்கு ஓரளவு காப்பு உண்டு: விசாரிப்பவர் ஒருவர், நாயைக் கையாள்பவர் இன்னொருவர், இரண்டாமவரிடம் சந்தேகநபர் யார் என்று சொல்லாமல் விடலாம். தனியார் துப்பறிவாளரின் கதையில் இருவரும் ஒருவரே. காலையில் காணிப் பதிவகத்தில் தம்பியின் பெயரைப் பார்த்துச் சந்தேகம் கொண்டவர், மாலையில் நாயோடு தம்பியின் வளவு வழியே நடக்கிறார். நாய் அங்கே நிற்கிறது. நாய் தம்பியின் குற்றத்தைக் கண்டதா, எசமானின் சந்தேகத்தைக் கண்டதா? எசமானும் நாயும் ஒருவரையொருவர் எவ்வளவு நேசிக்கிறார்களோ, இந்தக் கேள்வி அவ்வளவு கடினமாகிறது. அந்த அன்பைச் சொல்வதோடு நிற்காமல் அதன் ஆபத்தையும் சொல்கிற கதை தமிழில் எழுதப்பட வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

கிராமத்து நாய்களிடம் வேறு வகையான ஓர் அறிவும் இருக்கிறது. அது பயிற்சியால் வந்ததன்று. இரவில் அந்நியர் ஒழுங்கைக்குள் வந்தால் ஒரு வீட்டு நாய் தொடங்கும், அடுத்த வீட்டு நாய் ஏற்கும், சில நிமிடங்களில் குரைப்பு அவர் போகும் பாதையை ஊருக்கு அறிவித்துவிடும். கொலை நடந்த இரவில் எந்த வீட்டு நாய் குரைத்தது, எது குரைக்கவில்லை என்பதை அயலவர்கள் நினைவில் வைத்திருப்பர். 1892இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதை ஒன்று, நாய் குரைக்காததிலிருந்தே வந்தவர் வீட்டுக்கு அறிமுகமானவர் என்று முடிவு செய்கிறது. நம் கிராமங்களில் அந்தக் கணக்கை ஒரு நாயை வைத்து அன்றி ஓர் ஒழுங்கை முழுவதையும் வைத்துப் போடலாம். இந்தச் சான்றுக்கு இன்னொரு சிறப்பு உண்டு: நாய் குரைத்ததைக் கேட்டவர் மனிதர், அவர் தம் காதால் கேட்டதைக் கூண்டில் ஏறிச் சொல்லலாம், குறுக்கு விசாரணைக்கும் உட்படலாம். இதே காரணத்தால் கொழும்பிலிருந்து வந்த துப்பறிவாளர் தம் நாயோடு ஊருக்குள் மறைவாக உலவ முடியாது. அல்சேஷன் ஒன்று சந்தியில் இறங்கிய உடனேயே ஊர் நாய்கள் எல்லாம் அறிவித்துவிடும். சிறுவர்கள் அதைப் பார்க்க ஓடி வருவர், அவர்களோடு பேச்சும் வரும். ஆனால் பல வீடுகளில் நாயைப் படலைக்கு வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில் வீதிக்குள் கொண்டுசெல்ல முடியாது. முஸ்லிம் அயல் வீடுகளில் நாயின் எச்சில் படாமல் பார்த்துக்கொள்வது மரியாதை.

நாய் எதையேனும் தோண்டி எடுத்தால் துப்பறிவாளர் செய்ய வேண்டியது, தொடாமல் நின்று பொலிஸாரை அழைப்பது. பொருள் இருந்த இடத்திலேயே படமெடுக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, நீதிமன்றத்தின் ஊடாக பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் பொருளின் மதிப்பு குன்றும். சிறு தடயத்தைத் தொடாமல் விடுவதன் பயனுக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1890களின் இறுதியில் வங்காளத்தின் ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட முகாமையாளர் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் வீட்டிலிருந்த பஞ்சாங்கம் ஒன்றில் பழுப்பு நிறக் கறை இருந்தது. அது ஒரு விரல் அடையாளம். 1897இல் கல்கத்தாவில் அமைக்கப்பட்ட விரலடையாளப் பணியகத்தின் பதிவுகளில் அது முன்னாள் பணியாளர் ஒருவருடையதுடன் பொருந்தியது. அவர் திருட்டுக்குத் தண்டிக்கப்பட்டார். அவர் அங்கே இருந்தார் என்பதற்குச் சான்று போதியது, கொன்றார் என்பதற்குப் போதாது என்று நீதிமன்றம் கருதியது. மலையகத் தோட்டமொன்றில் கதை அமைக்க விரும்புவோருக்கு இந்த வழக்கு நல்ல பாடம்.

கதைகள் துப்பறிவாளர் பெயரைச் சொன்னதோடு முடிந்துவிடும். வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவின் கீழ் கொலைக்கு மரண தண்டனை; 1976க்குப் பின்னர் இந்நாட்டில் அது நிறைவேற்றப்பட்டதில்லை. மேல் நீதிமன்ற விளக்கத்துக்கு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நாய் குரைத்ததைக் கேட்ட அயலவர் கனடாவில் இருக்கலாம். காணொளி இணைப்பு மூலம் சாட்சியம் பெறும் ஏற்பாடு, சாட்சிகளின் பாதுகாப்புக்கென 2015இல் இயற்றப்பட்ட 4ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்தது. துப்பறிவாளரும் ஒரு சாட்சியாகவே கூண்டில் ஏறுவார். எதிரியின் சட்டத்தரணி அவரிடம் நாயின் வமிசத்தையோ மூக்கின் ஆற்றலையோ பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டார். பதிவகத்தில் தம்பியின் பெயரைக் கண்டது எந்தத் திகதி, நாயை அந்த வளவுக்குக் கூட்டிச்சென்றது எந்தத் திகதி என்று கேட்பார். குறிப்பேட்டை நீதிமன்றத்தில் காட்டும்படி சொல்வார்.